ரெண்டு மார்க் கட்

நவம்பர் 18, திங்கள்

கிடைத்துவிட்டது! கோவில்பட்டியில் பள்ளிக்கூடக் கலையரங்கம், டிசம்பர் 15, ஞாயிறு மாலை ஆறு மணி. நானூறு நாற்காலி. ‘சன்னல்’ கேசட்டின் எட்டுப் பாட்டையும் ஜனங்கள் முன்னால் வரிசையாகப் பாடி, அப்படியே பதிவு செய்து, ஆல்பமாக வெளியிடப் போகிறேன். ஒரே டேக். தப்பினால் தப்பினதுதான்.

ஆடியோ கம்பெனிக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. “சினிமாப் பாட்டு ரெண்டு சேத்துக்கலாமே மேடம், இதெல்லாம் யாருக்குமே தெரியாத பாட்டா இருக்கே” என்றார்கள். தெரியாது என்பதால்தானே ஐயா பாடுகிறேன். 1998-ல் வந்த கேசட் அது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி, சீப்பு, கண்ணாடியோடு சேர்த்துத் தொங்கவிட்டு விற்றார்கள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, இப்போது ஐம்பது. இத்தனை வருடத்தில் அதிலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் பாடியதில்லை. ஏன் என்று கேட்டால், நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோட்டு நஸ்ரின் கொடுத்தது. நஸ்ரின்தான் சவுண்டு இன்ஜினியர். ஆல்பத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் போடலாம், தினமும் தோன்றுவதை எழுதி வையுங்கள் மேடம் என்றாள். எழுதுகிறேன். எதைப் போடுவது, எதைக் கிழிப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 20, புதன்

என்னிடம் இருந்த ஒரே ‘சன்னல்’ கேசட்டில் பூஞ்சை. நஸ்ரின் டேப்பை வெளியே உருவி, பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மூன்று மணி நேரம். நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பதுபோல நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது! என்ன குரல் அது, தடுக்கி விழுந்தாலும் எழுந்து ஓடுகிற குரல். எனக்கே பொறாமையாக இருந்தது.

ரிச்சர்டு அண்ணனுக்கு உடனே போன் போட்டேன். அந்தக் காலத்தில் எங்கள் குழுவின் கிடார் அவர்தான், எட்டுப் பாட்டுக்கும் மெட்டு போட்டதும் அவர்தான். ரிட்டயர்டு ஆகித் தூத்துக்குடியில் இருக்கிறார். “செண்பா, நெசமாவா சொல்லுத?” என்று மூன்று தடவை கேட்டார். நாளை ரயில் ஏறுகிறார்.

சமையலுக்கு வெங்காயம் இல்லை. வாங்க வேண்டும்.

நவம்பர் 23, சனி

பயிற்சி தொடங்கிவிட்டது. சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ, ஏசி சத்தம் தாங்கவில்லை. ஆனாலும் முதல் பாட்டை ஆரம்பித்த உடனே புல்லரித்துவிட்டது.

“சாரல் வந்து சன்னல் தட்ட
யாரைக் கேட்டு நான் திறக்க”

மெட்டு இன்னும் புதுசாக இருக்கிறது. குறை ஒன்றுதான், வரிகள். எழுதினவர் சொல்லுக்கு ரொம்பக் கஞ்சம். எட்டுப் பாட்டில் நாலு பாட்டில் மழை கொட்டுகிறது, ஒரு இடத்திலாவது ‘மழை’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சாரல், தூறல், மேகத் தண்ணீர், வானம் சிந்தியது. மனிதர் குடை பிடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் வாசிக்கிற இடம் வரும், அங்கே ‘மூங்கில் பாடுது’ என்று இருக்கிறது. ஆறாவது பாட்டுதான் உச்சம். ‘ஏழு ஸ்வரம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆறோடு ஒன்று சேர்த்த ஸ்வரமே’! கணக்குப் பாட்டா இது? அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்டேன்.

ரிச்சர்டு அண்ணன் கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிற சுருதியை எத்தனை தடவை சேர்ப்பார் என்று தெரியவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

டிவி ஷூட்டிங். பாட்டுப் போட்டி, நடுவர் நாற்காலி, நாள் முழுக்க மேக்கப். தேனியிலிருந்து வந்த ஒரு பெண் அருமையாகப் பாடினாள், ஆனால் ‘வாழை’ என்பதை ‘வாளை’ என்று பாடிவிட்டாள். தோப்பு முழுக்க வாளை மீன் தொங்கிவிட்டது. என் விதி ஊருக்கே தெரியும். ழ தப்பினால், “ரெண்டு மார்க் கட்!” நான் சொல்வதற்கு முன்னால் பார்வையாளர்களே கத்திவிடுவார்கள். அந்தப் பெண் மேடையிலேயே அழுதுவிட்டாள்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ழ என்பது சும்மா வருவதில்லை. சென்னைக்கு வந்த புதிதில் ஒரு டப்பிங் அம்மாவிடம் ஆறு மாதம் போய், நாக்கை மடக்கி மடக்கி, ராத்திரி சோறு இறங்காமல் வலித்து, நான் சம்பாதித்த எழுத்து அது. எங்கள் ஊர்ப் பக்கம் பாதிப் பேருக்கு மளை, பளம், கோளிதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது என் ழகரத்தைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை வாசிக்கிறார்கள்.

நவம்பர் 29, வெள்ளி

எழுதியவரின் சம்மதக் கடிதம் வந்துவிட்டது. ரிச்சர்டு அண்ணன்தான் தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கினார். நான் போன் செய்யவில்லை. அதற்கு என்ன தேவை இருக்கிறது, கையெழுத்துதானே வேண்டும். ‘பாடலாசிரியர் பெயர்’ என்ற இடத்தில் ‘வேல்’ என்று போட்டிருக்கிறார். எழுத்து அதே எழுத்து, அச்சுக் கோத்ததுபோல.

புத்தகத்துக்காக அவரைப் பற்றி நாலு வரி. முழுப் பெயர் பழனிவேல். கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தில் எழுத்து கோக்கும் வேலை பார்த்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கல்யாணப் பத்திரிகை அடுக்குவார். சாயங்காலம் கை கழுவிவிட்டு எங்கள் குழுவுக்கு வந்து பாட்டு எழுதுவார். நகக்கண்ணில் மட்டும் மை போகாது.

முதல் கேசட் 1996-ல். அதற்கு ஒரு வாரப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. அது என்னைப் பாதிக்கவே இல்லை. “அட்டையில் தமிழ்ப் பாடல்கள் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது தமிள்ப் பாடல்கள். பாடியிருக்கும் பெண் மளையில் நனைந்து பளம் சாப்பிடுகிறார்.” இரண்டாம் பக்கம், இடது ஓரம், கீழே ஒரு தைல விளம்பரம். அதற்கு மறுவாரம் அவர் வந்து, “இனிமே என்னய வேலுன்னே கூப்பிடுங்க, சின்னதா இருக்கும்” என்றார். அதுவரைக்கும் நான் பளனி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ‘சன்னல்’. அதற்கடுத்த வருடம் ஒரு தமிழ் விழாவுக்கு வரவேற்புப் பாட்டு கேட்டார்கள். எழுதிக்கொண்டு வந்தார். தமிழைப் பற்றிய பாட்டில் ‘தமிழ்’ என்ற சொல்லே இல்லை. ‘மொழி’யும் இல்லை! விழாக்காரர்கள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது. குழு மொத்தமும் நிற்கும்போதே கத்தினேன். “உமக்கு மொத்தமே நூறு வார்த்தைதான் தெரியுமா? வார்த்தை இல்லாத ஆளு எதுக்குப் பாட்டு எழுத வந்தீரு?” அவர், “எனக்கு இவ்வளவுதான் வரும்” என்றார். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் சென்னைக்கு வந்தேன். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எழுதவில்லை என்று ரிச்சர்டு அண்ணன் சொல்கிறார்.

இந்தப் பகுதியைக் கிழித்துவிட வேண்டும்.

டிசம்பர் 3, செவ்வாய்

கம்பெனியிலிருந்து போன். விளம்பரத்துக்கு முப்பது வினாடித் துண்டு வேண்டுமாம். “மேடத்தோட ழ தான் மேடம் பிராண்டு. ழ நல்லா விழற மாதிரி ஒரு வரி எடுத்துக் குடுங்க.”

நஸ்ரின் எட்டுப் பாட்டையும் லேப்டாப்பில் அடித்து வைத்திருந்தாள். தேடும் கட்டத்தில் ழ என்று போட்டாள். ‘0’ என்று வந்தது.

“என்ன மேடம், ஃபாண்ட் பிரச்சனை போல” என்று ள போட்டுப் பார்த்தாள். எழுபத்துமூன்று. ல போட்டாள். எண்ணி முடியவில்லை. மறுபடி ழ. 0.

“கம்ப்யூட்டர நம்பாதே” என்று சொல்லிவிட்டு, காகிதத்தை எடுத்து விரல் வைத்து ஒவ்வொரு வரியாக நானே தேடினேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. மூன்றாவது, நாலாவது, எட்டு வரைக்கும் முடிந்தது. மழை இல்லை. புல்லாங்குழல் இல்லை. ஏழு இல்லை. குழந்தை வர வேண்டிய இடத்தில் பிள்ளை. வாழ்க்கை வர வேண்டிய இடத்தில் நாட்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். ரிச்சர்டு அண்ணன் கிடாரைக் கீழே வைத்துவிட்டார்.

“இப்பத்தான் கண்டுபிடிச்சியாக்கும்” என்றார்.

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“எங்க ஆறு பேருக்கும் தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். ‘அவங்க வாயத் தொறந்து பாடட்டும், பயந்து பயந்து பாட வேண்டாம்’னான். அந்தத் தமிழ் விழாப் பாட்டுக்கு எத்தன நாள் முழிச்சான் தெரியுமா? தமிழ்ங்கிற சொல்லத் தொடாம தமிழப் பத்தி எழுதணும்லா.”

டிசம்பர் 4, புதன்

இன்று எதுவும் எழுதவில்லை.

டிசம்பர் 5

இன்று ஒரு பரீட்சை. அந்த ஓர் அட்சரம் இல்லாமல் ஒரு பக்கம் நிரப்ப முடியுமா என்று பார்க்கிறேன். தேதிக்குப் பக்கத்தில் என்ன நாள் என்று போடவில்லை. போட்டால் முதல் வரியிலேயே தோற்றுவிடுவேன்.

காலையில் வானம் கொட்டியது. கொட்டியது என்ன என்று சொல்ல முடியாது. சாரல் என்கிறேன், வேறு என்ன செய்ய. கடைக்குப் போய் மஞ்சள் நிறத்தில் ஒரு சீப்பு வாங்கினேன், அதன் பெயரையும் சொல்ல முடியாது. கனி என்று சொல்லலாம். யாராவது கடையில் போய் ‘ரெண்டு கனி கொடுங்க’ என்று கேட்பார்களா? தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மதியம் தோசை, தக்காளிச் சட்னி. பயிற்சிக்கு வரவில்லையா என்று ரிச்சர்டு அண்ணன் போன் செய்தார். வரவில்லை என்றேன்.

பத்து வரி ஆவதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. அவர் எட்டுப் பாட்டு செய்தார். அதற்கு மேல் இன்னொரு பாட்டும் செய்தார். நான் ஒவ்வொரு தடவை சண்டை போட்டபோதும் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, “மாத்திப் பாக்கேன்” என்று மட்டும் சொல்வார். மாற்றிக்கொண்டு வருவதிலும் அது இருக்காது. இது கஷ்டம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தன் பெயரில் பாதியைக்கூட எனக்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதை முடிக்கையில் கண்ணெல்லாம் தண்ணீர். அந்த வினைச்சொல்லையும் இங்கே சொல்ல முடியாது. இரண்டாம் பாட்டில் அவரும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார், ‘கண்ணெல்லாம் தண்ணீர்’ என்று. பள்ளிக்கூடக் கட்டுரையா இது என்று நான் அன்று கேலி செய்தேன்.

டிசம்பர் 6, வெள்ளி

அழுதேன். இதோ எழுதிவிட்டேன். அழுதேன், அழுதேன், அழுதேன்.

அவர் வர வேண்டும். ஆல்பம் நன்றாக வருமா, விற்குமா என்பதெல்லாம் இப்போது இரண்டாம் பட்சம். டிசம்பர் 15 அன்று அவர் அந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாரும் நிற்கும்போது கத்தினேன், எல்லாரும் இருக்கும்போதுதான் அதைத் திருப்பி எடுக்க வேண்டும். நாளைக்கே ஊருக்குக் கிளம்புகிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

அவருக்கு இப்போது சொந்த அச்சகம், மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. பெரிய கடை. ஃபிளெக்ஸ் மிஷின் ஓடுகிறது, கல்யாணப் பத்திரிகை மூட்டை மூட்டையாகக் கட்டியிருக்கிறது. ‘பழனிவேல் பிரிண்ட்ஸ்’ என்று போர்டு. காரில் இருந்தபடியே அதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ழ மணி மணியாக வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே போனேன். அவர் போனில் யாருக்கோ, “மாப்பிள்ளை போட்டோவுல மீசைய எடுக்கச் சொல்லுதீங்க, சரி, நேர்ல எடுத்துருவாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறார். நகக்கண்ணில் மை இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினார். இருபத்தைந்து வருடம் கழித்து வந்தவளுக்கு ஒரு நிமிஷம்!

காத்திருந்தபோது மேஜைமேல் கிடந்த மாதிரி ஆல்பத்தைப் புரட்டினேன். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக வைத்திருக்கிற ஆல்பம். முதல் பக்கத்தில் என்னுடைய கல்யாணப் பத்திரிகை இருந்தது. 1999, வைகாசி மாதம். ஈய எழுத்தில் அவர் கையால் கோத்தது. அந்தக் கல்யாணம் ஆறு வருடம் தாங்கியது, பத்திரிகை இன்னும் மஞ்சள்கூட ஆகவில்லை.

போனை வைத்தார். “வாங்க, உக்காருங்க. என்ன சாப்பிடுதீங்க, டீயா காப்பியா?”

“சன்னல்ல ஒரு ழ கூட இல்ல” என்றேன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதா? பிரஸ்ல அப்ப ழ டைப்பு ரொம்பக் கம்மி. மொதலாளி வாங்கித் தர மாட்டாரு. ழ இல்லாமயே கோத்துக் கோத்து எனக்கு அப்பிடியே பழகிப்போச்சு. வேற ஒண்ணுமில்ல.”

நான் ஆல்பத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். திருமண அழைப்பிதழ். அந்த ஒரு சொல்லிலேயே இரண்டு. வியாழக்கிழமை, இன்னும் இரண்டு. “பதினொண்ணு இருக்கு. எண்ணிட்டேன்” என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். என் பத்திரிகை ஏன் முதல் பக்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. நல்ல வடிவமைப்பு, அதனால் வைத்திருப்பார்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தபோது வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “என்னது?” என்றார். “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டேன். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவள், ஒரு லாரியிடம் தோற்றேன்.

“வர்ற ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு நீங்க வரணும்” என்றேன்.

“எங்க வர? மறுநாள் மார்கழி பொறக்கு. கடைசி முகூர்த்தம் அன்னைக்குத்தான். ஒம்பது மண்டபத்துல சாயங்காலம் ரிசப்ஷன், பேனர் கட்டணும்.”

“வேலு, வரணும்.”

அவர் சிரித்தார். “அந்தப் பேருதான் பழகியிருக்கு, என்ன? சரி, ஒண்ணு சொல்லுதேன். வந்தா, மேடையில என் முழுப் பேரையும் சொல்லணும். டிவியில ஊரு பேரெல்லாம் அழகாச் சொல்லுதீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் பேர மட்டும் ஒங்க வாயால ஒழுங்காக் கேட்டதில்ல. எனக்கு ஒரே ஒரு ழ போதும்.”

“இப்பவே சொல்லுதேன்” என்று ஆரம்பித்தேன்.

“இங்க வேண்டாம்” என்று கையைக் காட்டினார். “மேடையில.”

டீ வந்தது. குடித்தேன். சீனி அதிகம்.

டிசம்பர் 11, புதன்

இன்று காலை போனில் ஒரு படம் வந்தது. மடித்து மடித்துக் கிழியப் போகிற ஒரு காகிதம். தமிழ் விழாப் பாட்டு! அதே காகிதம். கீழே ஒரு செய்தியும் இல்லை. வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை.

“அம்மா சொன்ன முதல் சொல்லே
அதிலே நானும் ஒரு சொல்லே”

ரிச்சர்டு அண்ணனும் நஸ்ரினும் நேற்றே கோவில்பட்டிக்கு வந்துவிட்டார்கள். அண்ணனுக்கு மெட்டு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பாடி முடித்ததும் நஸ்ரின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “மேடம், இதுல தமிழ்ங்கிற வார்த்தை எங்க வருது?” என்று கேட்டாள். “அதான் பாட்டு முழுக்க வருதே” என்றேன். இப்படி ஒரு பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே, என்ன சொல்ல! எட்டுப் பாட்டு ஒன்பது பாட்டு ஆகிவிட்டது. இதைத்தான் கடைசியில் பாடுகிறேன்.

அரங்கத்துக் கூரை தகரம். மழை வந்தால் மைக் எல்லாவற்றிலும் கொறகொறவென்று சத்தம் விழும் என்று நஸ்ரின் கவலைப்படுகிறாள். நான் குளிக்கும்போதும், காரிலும், தம்பி வீட்டு மாடியில் துணி காயப்போடும்போதும் பழனிவேல், பழனிவேல் என்று சொல்லிக்கொண்டே திரிகிறேன். தம்பி மனைவி, “முருகனுக்கு ஏதும் வேண்டுதலா அண்ணி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 15, ஞாயிறு, காலை

தொண்டை சரி. நாக்கு சரி. வானம் வெளுத்திருக்கிறது. பழனிவேல், பழனிவேல், பழனிவேல். மூன்றும் சரி.

டிசம்பர் 16, திங்கள். மார்கழி ஒன்று

எங்கே ஆரம்பிப்பது!

நாற்காலி போதவில்லை. பக்கத்து வகுப்பறைகளிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன். ஆறு மணிக்கு அது காலி. ஆறேகாலுக்கும் காலி. ஆரம்பித்துவிட்டேன்.

முதல் பாட்டு, ‘சாரல் வந்து’. இரண்டாம் வரியிலேயே பின்னால் யாரோ கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். யாருக்கும் தெரியாத பாட்டாம்! பஸ் ஸ்டாண்டு கேசட்டை வாங்கினவர்கள் எல்லாரும் எங்கேயும் போய்விடவில்லை, இங்கேயேதான் இருந்திருக்கிறார்கள். ஒரு அம்மா, பீடி சுற்றுகிற இடத்தில் தினமும் இதைத்தான் ஓடவிடுவோம் என்று சத்தமாகச் சொன்னார். நாலாவது பாட்டில் ரிச்சர்டு அண்ணனுக்கு ஒரு தந்தி அறுந்தது, ஐந்து தந்தியில் முடித்தார். ஆறாவது பாட்டில் ‘ஆறோடு ஒன்று சேர்த்த ஸ்வரமே’ என்று பாடினேன். இவ்வளவு அழகான வரியை நான் எங்கேயும் பாடியதில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கண் அந்தத் துண்டிடம்தான் போனது.

எட்டும் முடிந்தது. கைதட்டல் ஓயவில்லை. இனி ஒன்றுதான் பாக்கி. நாற்காலி காலி. அவர் இல்லாமலேயே பெயரைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று மைக்கைப் பிடித்தேன்.

“இந்தப் பாட்டு எல்லாத்தையும் எழுதினவருக்கு வார்த்தை தெரியாதுன்னு, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால இதே ஊர்ல நான் சொன்னேன். தப்பு. எனக்குத்தான் ஒரு எழுத்து தெரியாம இருந்துச்சு. அந்த ஒரு எழுத்து எங்கயும் வராம, எனக்காக ஒரு கேசட்டையே எழுதினாரு. என்கிட்ட சொல்லவே இல்ல. என்னய மன்னிச்சிருங்கன்னு…”

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. சட்டையில் பேனர் கயிற்றுத் தூசி, வேர்வை, கையில் இன்னும் கத்தரிக்கோல். அவர்தான். ஒன்பது மண்டபத்துக்கும் பேனர் கட்டி முடித்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். உட்காரவில்லை, அப்படியே நின்றார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன்.

“அவரு பேரு,” என்றேன், “பளனிவேல்!”

என் காதிலேயே விழுந்தது. ஆறு மாதப் பயிற்சி, இருபது வருட மேடை, டிவி, கட்டுரை, எல்லாம் போய், இருபத்துநாலு வயசு நாக்கு வந்து நிற்கிறது. அப்புறம் எங்கேயோ பின்னாலிருந்து ஒரு பெண் குரல்:

“மேடம், ரெண்டு மார்க் கட்!”

அவ்வளவுதான். அத்தனை பேரும் எழுந்து நின்று, “ரெண்டு மார்க் கட்! ரெண்டு மார்க் கட்!” தகரக் கூரை அதிர்ந்தது. நஸ்ரின் பதறிப்போய் எல்லா மைக்கின் ஒலி அளவையும் குறைக்கிறாள். நான் அவரைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது, கண்ணெல்லாம் தண்ணீர். வேறு சொல் எனக்கு வேண்டாம். அப்படியே போய்த் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

நானும் சிரித்துக்கொண்டே ஒன்பதாவது பாட்டை ஆரம்பித்தேன். பயமே இல்லை. பயப்படுவதற்கு அதில் ஒரு இடம்கூட அவர் வைக்கவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

சென்னை. மிக்ஸிங். அந்த இடம் வந்ததும் நஸ்ரின் நிறுத்தினாள். “மேடம், உங்க டிவி ஷோவுல நூறு ழ இருக்கு. ஒண்ண வெட்டி எடுத்து இங்க ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது.” கம்பெனிக்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்களாம், பிராண்டு கெட்டுவிடுமாம்.

“தொட்டே, கையை முறிச்சிருவேன்” என்றேன். அட்டையில் மட்டும் ‘பாடல்கள்: பழனிவேல்’ என்று பெரிதாகப் போடச் சொல்லிவிட்டேன். இந்த நோட்டையும் யோசித்தேன். எதையும் கிழிக்கவில்லை.

அவருக்கு அந்த இடத்தின் ஒலித்துண்டை அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.

“ஒரே ஒரு ழ கேட்டேன். அதுவும் வரல.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பதில் அடிக்கப் போனேன். மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை ஒரு படம். புதுக் காகிதம், மடிப்பே இல்லை, அச்சுக் கோத்ததுபோல அதே எழுத்து. நாலு வரி. எண்ணிப் பார்த்தேன், பதினாறு ழ! கீழே, “இதப் பாடிப் பாருங்க. அந்த ரெண்டு மார்க்க அப்புறம் பாப்போம்” என்று இருந்தது.

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்து பாட ஆரம்பித்தேன். முதல் சொல், மழை.